கல்லும் மூழ்கும், இரும்பும் மூழ்கும். கல் ஏற்றிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது?

பர்கூர் பக்கத்துக் குவாரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கிரானைட் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, நான் கொண்டுபோற கல்லைக் கிணத்துல போட்டா நேரா அடிக்குப் போயிடும். கப்பலும் இரும்புதான், அதுவும் மூழ்குற சாமான். மூழ்குறது ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா எப்படி மிதக்குது? அப்புறம், துறைமுகத்துல கல்லுக்கு அண்டை கொடு, சங்கிலி போடுன்னு ஏன் அவ்வளவு பிடிவாதம் பண்றாங்க? அவ்வளவு பெரிய கப்பலை ஒரு கல்லு என்ன பண்ணிடும்?"

நானும் கிருஷ்ணகிரிக்காரன்தான். சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன். எந்தச் சரக்கை எங்கே, எவ்வளவு ஏற்றுவது என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. கப்பலை மிதக்க வைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அது கவிழாமல் மிதக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் படிப்பில் பாதி போகிறது. அதனால் தம்பியின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

உங்கள் கல்லையே எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரம் என்றால் 300 கன அடி, அதாவது சுமார் 8.5 கன மீட்டர். கிரானைட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் இருக்கும். ஆக, கல்லின் எடை 23 டன். நல்ல தண்ணீர் கன மீட்டருக்கு 1 டன். கல்லைத் தண்ணீரில் இறக்கினால் 8.5 கன மீட்டர் தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் போய் உட்காரும். ஒதுங்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் கல்லை மேலே தள்ளும். 2,200 ஆண்டுகளுக்கு முன் சிராக்கூஸ் நகரத்தில் ஆர்க்கிமிடீஸ் கண்டு சொன்னது இதைத்தான். கீழே இழுப்பது 23 டன், மேலே தள்ளுவது 8.5 டன். மீதி 14.5 டன்னோடு கல் அடிக்குப் போகிறது. தண்ணீருக்குள் இருக்கும்போதே கிரேன் வைத்துத் தூக்கினால் கிரேனுக்கும் அந்த 14.5 டன்தான் தெரியும்.

சரி, இந்தக் கல்லை மிதக்க வைக்க என்ன வேண்டும்? அது 23 டன் தண்ணீரை ஒதுக்க வேண்டும். அதன் உடம்பு 8.5 கன மீட்டர்தான், அதற்குமேல் அதனால் ஒதுக்க முடியாது. மீதி இடத்தை வேறு ஏதாவது ஒன்று பிடித்துக்கொடுக்க வேண்டும்.

10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வாங்கி, 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் மூடியில்லாத பெட்டி ஒன்றை வெல்டிங் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியும் நான்கு பக்கமும் சேர்த்து 56 சதுர மீட்டர் தகடு; எடை சுமார் 4.4 டன். அதை கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இறக்கி, கல்லை நடுவில் படுக்கவைக்கிறோம். மொத்தம் 27.4 டன். பெட்டியின் அடிப்பரப்பு 20 சதுர மீட்டர். 27.4-ஐ 20-ஆல் வகுத்தால் 1.37. பெட்டி 1.37 மீட்டர் அமிழ்ந்து நின்றுவிடும். இன்னும் 63 சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேலே இருக்கும். உங்கள் கல் மிதக்கிறது! (நிஜத்தில் செய்தால் தகடு வளையாமல் உள்ளே முட்டுக்கொடுக்க வேண்டும், எடை கொஞ்சம் கூடும். அப்போதும் மிதக்கும்.)

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மேலே தள்ளும் அந்த விசை எங்கிருந்து வருகிறது? ஆழம் போகப்போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் 1 டன் விசையோடு அழுத்துகிறது. நம் பெட்டியின் அடித்தகடு 1.37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனவே சதுர மீட்டருக்கு 1.37 டன். 20 சதுர மீட்டருக்கும் சேர்த்தால் 27.4 டன். பெட்டியும் கல்லும் சேர்ந்த அதே எடை! பெட்டி தனக்கு வேண்டிய தாங்கல் கிடைக்கும் ஆழம்வரை இறங்கி, அங்கே நின்றுகொள்கிறது. பக்கவாட்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வேறு மாயம் எதுவும் இல்லை. இரும்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட 8 மடங்கு என்பது இங்கே தடையே இல்லை. மொத்த எடையை, தண்ணீருக்குள் அது பிடிக்கும் மொத்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் பெரும்பகுதி காற்று.

பெரிய கப்பல் என்றால் மிதப்பது இன்னும் கஷ்டம் என்று நினைப்போம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் தகட்டின் பரப்பு 4 மடங்காகும். உள்ளே கிடைக்கும் இடம் 8 மடங்காகும். பெரிய கப்பலுக்குத் தகடு கனமாகத்தான் போட வேண்டும், அந்த லாபத்தில் கொஞ்சம் அதிலேயே போய்விடும் என்பது உண்மைதான். ஆனாலும் பெரிதாகக் கட்டுவதற்கு மிதப்பு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. 'சீவைஸ் ஜயன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் 458 மீட்டர் நீளம். 5,64,000 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு 24.6 மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதந்தது. அதைக் கட்டுப்படுத்தியது அந்த ஆழம்தான். அவ்வளவு ஆழம் எல்லாத் துறைமுகத்திலும் கிடைக்காது. கடைசியில் குஜராத்தின் அலங்கில் 2010-ல் உடைத்துப் பிரித்தார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டு ஆறு நாள் அந்த வழிக் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவைத்த 'எவர் கிவன்' 400 மீட்டர் நீளம், ஏறத்தாழ 59 மீட்டர் அகலம். கடல்மட்டத்தில் அதன் பரப்பைத் தோராயமாக 20,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ 200 டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். உங்கள் லாரிக் கல் ஏறினால் அந்தக் கப்பல் ஒரு மில்லிமீட்டர்போல இறங்கும். அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போட்டால் கப்பலை எடை மேடையாகவும் பயன்படுத்தலாம். நிலக்கரி, தாது போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பல்களில் இது அன்றாட வேலை. முன்புறம், நடு, பின்புறம் என்று இரண்டு பக்கமும் ஆறு இடங்களில் கப்பலின் உடம்பில் மீட்டர் எண்கள் எழுதியிருக்கும். ஒவ்வோர் எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம்; எண்ணின் கீழ்விளிம்புதான் அளவு. தண்ணீர் 8 மீட்டர் எண்ணின் பாதியில் நின்றால் 8.05 என்று எழுத வேண்டும். அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏணியில் தொங்கிக்கொண்டு, எதுவரை ஏறுகிறது, எதுவரை இறங்குகிறது என்று கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 225 மீட்டர் நீளக் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் அறுபது, எழுபது டன் தப்பிவிடும். அவ்வளவு நிலக்கரிக்கு யார் பணம் கொடுப்பது என்ற சண்டை அங்கேயே ஆரம்பிக்கும். அதனால் விற்றவர் தரப்பிலும் வாங்கியவர் தரப்பிலும் ஆள் வந்து கூடவே நின்று படிப்பார்கள்.

எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. ஒரு வாளித் தண்ணீரை மொண்டு அதன் அடர்த்தியையும் அளக்க வேண்டும். கடல்நீர் கன மீட்டருக்கு 1.025 டன், ஆற்றுநீர் 1 டன். கடலில் 12 மீட்டர் அமிழ்ந்து வரும் கப்பல் ஆழமான ஆற்றுத் துறைமுகம் ஒன்றுக்குள் நுழைந்தால், ஒரு மூட்டைகூட ஏற்றாமலே ஏறத்தாழ ஓர் அடி கூடுதலாக இறங்கிவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ நிற்கும் கப்பலின் நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும், குறுக்கே கோடும், பக்கத்தில் ஏணிப்படிபோலச் சில கோடுகளும் பார்த்திருப்பீர்கள். நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. அந்தந்தக் கடலில், அந்தந்தப் பருவத்தில் அதற்குரிய கோடு தண்ணீருக்குள் போகக் கூடாது. கப்பலில் இப்படி ஓர் எல்லைக் கோடு கட்டாயம் என்பதை இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடி 1876-ல் சட்டமாக்கினார். அதற்கு முன்னால், அளவுக்கு மீறி ஏற்றிய ஓட்டைக் கப்பல்களை முதலாளிகள் காப்பீட்டை நம்பிக் கடலுக்கு அனுப்பினார்கள். கப்பல் போனால் அவர்களுக்குப் பணம் வந்துவிடும். மாலுமியின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அந்தக் கோடு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடும்.

சரி, மிதப்பது புரிந்துவிட்டது. இப்போது அணையில் நிற்கும் நம் பெட்டிக்குத் திரும்பி வருவோம். கல்லைப் படுக்கவைத்திருந்தோம். அதையே 10 அடி உயரத்துக்கு நெட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டால்? எடை மாறவில்லை, பெட்டி மாறவில்லை. அதே 1.37 மீட்டர்தான் அமிழும். ஆனால் ஒரு காற்று அடித்துப் பெட்டியைச் சாய்த்தால், திரும்ப நிமிர்வதற்கு அதற்கு இருக்கும் வலு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பெட்டியை இன்னும் கொஞ்சம் ஒடுக்கமாகச் செய்திருந்தால் கல் நேராகத் தண்ணீருக்குள் கவிழ்ந்திருக்கும்.

காரணம் இதுதான். எடை முழுவதும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம்; அது புவியீர்ப்பு மையம். தண்ணீரின் தாங்கல் முழுவதும் இன்னொரு புள்ளியில் மேல்நோக்கித் தள்ளும். அது மிதப்பு மையம், தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளி. கப்பல் நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் அதிகமாக அமிழும், இடப்பக்கம் வெளியே வரும். அதனால் மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும். தாழ்ந்த பக்கத்தில் நின்று தண்ணீர் மேலே தள்ளும், கப்பல் நிமிரும். எடை உயரத்தில் இருந்தாலோ, கப்பல் சாய்கிற பக்கம் புவியீர்ப்பு மையமும் வேகமாகச் சாய்ந்துகொண்டு போகும். அது மிதப்பு மையத்தைத் தாண்டிவிட்டால் அதே தண்ணீரின் தாங்கலே கப்பலைக் கவிழ்த்துவிடும். எடை எந்த உயரம்வரை போகலாம் என்பதற்கு ஓர் எல்லைப் புள்ளி உண்டு. அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். பியர் புகே என்ற பிரெஞ்சுக்காரர் 1746-ல் இதை வெளியிட்டார். பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டஸ் மலைக்குப் போயிருந்தபோது எழுதிய புத்தகம். கடலை விட்டு எங்கோ மலைமேல் உட்கார்ந்து கப்பலைப் பற்றி யோசித்திருக்கிறார் மனிதர்! அகலம் கூடினால் அந்த எல்லை உயரும். ஆழமாக அமிழ்ந்தால் பெரும்பாலும் தாழும்.

ஒகேனக்கல் பரிசலில் போனவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். அகலமான தட்டை அடி, சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். உட்கார்ந்திருக்கும்வரை பரிசலைக் கவிழ்ப்பது லேசில்லை. ஒருவர் செல்பி எடுக்க எழுந்தால் பரிசல்காரர் உடனே அதட்டுவார். எழுந்தவரின் எடை கூடவில்லை, எடை இருக்கும் உயரம்தான் கூடியது. அவர் அதட்டுவதும் நாங்கள் கம்ப்யூட்டரில் போடுவதும் ஒரே கணக்கு.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டின் 'வாசா' போர்க்கப்பல் சாட்சி. இரண்டு அடுக்குப் பீரங்கி, 64 பீரங்கிகள், உயரமான மேற்கட்டு. புறப்படும் முன்பு சோதனைக்காக 30 ஆட்களைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பி சுமார் 1,300 மீட்டர்தான் போயிருக்கும். சாதாரணக் காற்று ஒன்று சாய்க்க, பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, கரையில் நின்றவர்கள் கண்முன்னே மூழ்கியது. மிதக்கும் கணக்கு சரி, நிமிரும் கணக்கு தப்பு. 1961-ல் அதை வெளியே எடுத்தார்கள். இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கும் மேல் ஆபத்தானது, கப்பலுக்குள் அங்குமிங்கும் ஓடக்கூடிய எடை. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜேப்ரூகா துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல், கார்கள் ஏறும் முன்கதவை மூடாமலே கிளம்பியது. தடுப்பே இல்லாத அகலமான கார் தளத்தில் தண்ணீர் புகுந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய, தண்ணீரும் அதே பக்கம் ஓடியது. இன்னும் சாய்ந்தது, இன்னும் ஓடியது. சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். உள்ளே புகுந்த தண்ணீரின் எடையால் அது மூழ்கவில்லை. அந்த எடை நகர்ந்ததால் கவிழ்ந்தது. கப்பலில் எண்ணெய், தண்ணீர்த் தொட்டிகளைத் தடுப்புவைத்துப் பிரிப்பதும், முடிந்தவரை ஒன்றை முழுதாக நிரப்பு, இல்லை முழுதாகக் காலியாக வை என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான்.

திடமான சரக்குகூட இப்படி ஓடும். ஈரமான இரும்புத் தாதுத் தூளைக் குவித்தால் திடமாகத்தான் நிற்கும், அதன்மேல் நடந்தே போகலாம். கடலில் நாள்கணக்கில் குலுங்கினால் ஈரம் மேலே வந்து மொத்தமும் சேறாகி ஒரு பக்கம் வழிந்துவிடும். 2009 மழைக்காலத்தில் மங்களூரு அருகே 'ஏசியன் ஃபாரஸ்ட்', ஒடிசாவின் பாரதீப் அருகே 'பிளாக் ரோஸ்' என்று தாது ஏற்றிய இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்துப் போயின. மழையில் நனைந்த தாதுவை ஏற்றமாட்டேன் என்று ஓர் அதிகாரி அடம்பிடித்தால் அவருக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஓட்டை விழுந்தாலும் கப்பல் மிதக்க, உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. டைட்டானிக்கில் 16 அறைகள். முன்னால் உள்ள 4 நிரம்பினாலும் தாங்கும். பனிப்பாறை கிழித்தது அதைவிட அதிகம், சுவர்களும் உச்சிவரை போகவில்லை. ஆனால் இந்தச் சுவர்களின் அருமையைக் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வேறு. 2013 ஜூன் 17 அன்று ஏமன் நாட்டுக்கு அப்பால் அரபிக்கடலில் 'எம்.ஓ.எல். கம்ஃபர்ட்' என்ற கன்டெய்னர் கப்பல் அலையில் நடுவில் முறிந்து இரண்டு துண்டானது. இரண்டு துண்டும் மூழ்கவில்லை! பின்பாதி ஜூன் 27 வரை மிதந்தது. முன்பாதி தீப்பிடித்து, ஜூலை 11 அன்றுதான் மூழ்கியது. இரும்பு இரண்டாக உடைந்த பிறகும், அறைகளில் அடைபட்டிருந்த காற்று அவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது.

சரக்கை இறக்கிய பிறகு காலியாக வரும் கப்பல் ரொம்ப உயரமாக மிதக்கும், புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே தெரியும். அதற்காக அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி எடை கூட்டுவோம். அந்த நீரோடு வேற்றுக் கடலின் உயிர்களும் வந்துவிடும். எண்ணூர், பழவேற்காடு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும் காக்கா ஆழி என்ற சிப்பியும் இப்படி வந்திருக்கலாம் என்றுதான் சந்தேகிக்கிறார்கள். இப்படி எடைக்காக ஏற்றும் நிலைச்சுமை நீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தது. அது இன்னும் கறாராக நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 50,000 டன் கப்பலில் உங்கள் ஒரு கல் ஒரு மீட்டர் நகர்ந்தால் கப்பலுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சரக்கறையில் அப்படி 500 கல் இருந்தால் 11,500 டன். அலையில் கப்பல் உருளும்போது அத்தனையும் அரை மீட்டர் ஒரே பக்கம் வழுக்கினால், புவியீர்ப்பு மையம் மெட்டாசென்டருக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும் கப்பல் ஆறரை பாகை சாய்ந்து அப்படியே நின்றுவிடும். அடுத்த அலை அந்தச் சாய்விலிருந்து இன்னும் சாய்க்கும், கற்கள் இன்னும் வழுக்கும். கிரானைட்டுக்கும் இரும்புத் தரைக்கும் இடையே மரம் இல்லாவிட்டால் வழுக்குவதற்கு ரொம்ப நேரம் ஆகாது. கன்டெய்னரில் போகும் கல் என்றால் பக்கத் தகட்டைக் கிழித்துக்கொண்டு பக்கத்து அடுக்கில் போய் மோதும். அடியில் போடும் கட்டை, வழுக்காமல் பிடித்துக்கொள்ள மட்டும் இல்லை. அந்த 23 டன்னைத் தரையின் ஒரே இடத்தில் குத்தாமல் பல குறுக்குச் சட்டங்களுக்குப் பிரித்துக்கொடுப்பதும் அதுதான். எனவே நாலு பக்கமும் அண்டை இறுகியிருக்கிறதா, சங்கிலியில் தொய்வு இருக்கிறதா என்று துறைமுகத்தில் தட்டிப் பார்ப்பவர் முதல் கல்லையும் ஐந்நூறாவது கல்லையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார். கிளம்பிய பிறகும் கடல் அமைதியாக இருக்கும் நாளில் நாங்கள் சரக்கறைக்குள் இறங்கி, தளர்ந்த சங்கிலியை மறுபடி முறுக்கி, நழுவிய ஆப்பை அடித்து இறுக்கிவிட்டுத்தான் மேலே வருவோம்.